குவில்ட் தைக்க எந்த கட்டிங் மெஷின்? வாங்கும் முன் என் கருத்து

குவில்ட், அதாவது துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை, தைக்கத் துணி வெட்டும் மெஷின் எது வாங்கலாம் என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். கம்பெனி பெயரை அப்புறம் பார்ப்போம். நீங்கள் அதிகம் வெட்டப்போவது என்ன உருவம்? அதையே எத்தனை துண்டு வெட்ட வேண்டும்? உங்கள் மணிக்கட்டு எப்படி இருக்கிறது? இந்த மூன்றையும் கேட்காமலே "இதுதான் பெஸ்ட்" என்று தலையில் கட்டுகிறவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. பல மாடல்கள் ஆயிரம் வெள்ளியை (மலேசிய ரிங்கிட்) தாண்டுகின்றன. வாங்கிவிட்டு, துணி போட்டு மூடி ஓரமாக வைத்திருக்கும் அக்காக்கள் நம் பினாங்கில் ஜெலுத்தோங்கிலும் இருக்கிறார்கள், பிறையிலும் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 60 அங்குல அகலம், 80 அங்குல நீளத்தில் ஒரு கட்டில் குவில்ட். தைத்து முடித்தபின் ஒவ்வொரு சதுரமும் 4 அங்குலம் என்றால் குறுக்கே 15, நெடுக்கே 20, மொத்தம் 300 சதுரம். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விடுவதால் நாலரை அங்குலமாக வெட்ட வேண்டும். கணினியோடு இணைக்கும் மெஷினில் 12க்கு 12 அங்குலப் பசைப் பாயில் ஒரு தடவைக்கு 4 சதுரம்தான் அடங்கும், அதுவும் ஒரே அடுக்கு. அப்படியானால் 75 தடவை பாயில் துணியை ஒட்டி, சுருக்கம் இல்லாமல் நீவி, வெட்டவிட்டு, உரித்து எடுக்க வேண்டும். அதே வேலைக்கு ஒரு ரோட்டரி கட்டர், நீள ஸ்கேல், வெட்டும்போது அடியில் விரிக்கும் பச்சைப் பாய் போதும். துணியை நான்கு அடுக்காக மடித்துப் பட்டை பட்டையாக இழுத்து, அதைக் குறுக்கே வெட்டினால் ஒரு சாயங்காலத்தில் குவியல் சேர்ந்துவிடும். ஜப்பானின் ஓல்ஃபா கம்பெனி 1979-இல் கொண்டுவந்த அந்த வட்ட பிளேடு கருவியை இன்னும் எந்த மெஷினும் நேர்கோட்டில் தோற்கடிக்கவில்லை என்பது என் கருத்து. சதுரமும் பட்டையும்தான் உங்கள் வேலை என்றால் மெஷினே வேண்டாம். அந்தப் பணத்துக்கு லெபோ பாசார் பக்கம் போய் நல்ல பருத்தித் துணி வாங்குங்கள்.

முக்கோணம் வந்தால் கதை வேறு. சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டும்போது நீளப் பக்கம் கிராஸில், அதாவது நூல் ஓட்டத்துக்குச் சாய்வாக, விழுகிறது. கையில் எடுத்தாலே இழுபடும், தைக்கும்போது அலை அலையாக நிற்கும். இங்கேதான் டை வைத்து அழுத்தும் மெஷின் தன் விலையை நியாயப்படுத்துகிறது. அக்யூகுவில்ட், சிசிக்ஸ் இரண்டும் இந்த வகை. டை என்பது ஒரு பலகை; வெட்ட வேண்டிய உருவத்தில் எஃகு பிளேடை அதில் பதித்து, சுற்றிலும் ஸ்பாஞ்ச் வைத்திருப்பார்கள். அதன்மேல் துணி, துணிமேல் பிளாஸ்டிக் தகடு. கைப்பிடியைச் சுற்றினால் உருளைகளுக்கு நடுவே போய் மறுபக்கம் வரும். அக்யூகுவில்ட்டின் 'கோ' (GO!) என்ற மெஷினில் சாதாரணப் பருத்தி 6 அடுக்கு வரை ஒரே சுற்றில் வெட்டலாம். முக்கோணத்தின் கூர் மூலைகளும் நறுக்கப்பட்டே வருவதால் இரண்டு துண்டுகளை வைத்தால் விளிம்போடு விளிம்பு தானாகப் பொருந்தும். கையால் இவ்வளவு துல்லியம் வரவழைக்க நல்ல பழக்கம் வேண்டும்.

ஆனால் டையில் துணி வைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது, இதை டெமோவில் யாரும் சொல்வதில்லை. கரைக்கு இணையாக ஓடும் நீளவாட்டு நூல், மெஷினுக்குள் போகும் திசையிலேயே இருக்க வேண்டும். குறுக்கு நூல் அதிகம் இழுபடும், உருளை அதைத் தள்ளிக்கொண்டே போனால் சதுரம்கூடச் சதுரமாக வராது. அப்புறம், சிசிக்ஸ் மாதிரி மெஷினில் டையின் நீளமான பிளேடு உருளைக்கு இணையாக இருந்தால் மொத்த பிளேடும் ஒரே நேரத்தில் மாட்டும். கைப்பிடி அங்கேயே நின்று "டக்" என்று ஏறி இறங்கும். டையை லேசாகச் சாய்த்து வையுங்கள், வெண்ணெய் மாதிரி போகும்.

பாத்திக் வெட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. இணைகரம் மாதிரி இடம் வலம் மாறும் உருவத்தை, மடித்த துணியில் வெட்டினால் பாதித் துண்டுகள் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி வரும். அச்சடித்த மலிவான பாத்திக்கில் பின்பக்கம் வெளிறி இருப்பதால் அந்தப் பாதி வீண். மெழுகு அச்சு வைத்துச் சாயம் ஏற்றிய உண்மையான பாத்திக் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே நிறம். எந்தப் பக்கம் திருப்பினாலும் பயன்படும். வெட்டும் முன் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டால் துணி விறைப்பாக நிற்கும், விளிம்பு சுத்தமாக வரும்.

சரி, கணினி மெஷின் யாருக்கு? குழந்தைக் குவில்டில் பெயர் வைக்கிறவர்களுக்கு, மயில், மாங்காய், கோலம் என்று அப்ளிக் (துணிமேல் துணி உருவத்தை வைத்துத் தைப்பது) செய்கிறவர்களுக்கு, ஃபெல்ட்டில் பொம்மையும் அட்டையில் வாழ்த்தும் செய்கிறவர்களுக்கு. ஒவ்வொரு தடவையும் உருவமும் அளவும் மாறும், ஒவ்வொன்றுக்கும் டை வாங்க முடியாது. 2017-இல் வந்த கிரிக்கட் மேக்கரில் துணிக்கென்றே உருளும் பிளேடு இருக்கிறது, பின்னால் எதுவும் ஒட்டாமலே பருத்தியை வெட்டும். ஆனால் முக்கால் அங்குலத்துக்குக் குறைவான வளைவில் அந்த பிளேடு திணறும். மயில் கொண்டை, தமிழ் எழுத்தின் சுழி எல்லாம் அதைவிடச் சின்னது. அவற்றுக்குத் துணியின் பின்னால் இஸ்திரியில் ஒட்டும் பசைத்தாளைத் தேய்த்து ஒட்டிவிட்டு, கூர்முனை பிளேடில்தான் வெட்ட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது பிரதர் ஸ்கேன்என்கட். சாரோங்கின் நடுவில் வரும் கெபாலா பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் பெரிய பூ, சதுரத்தின் நட்டநடுவில் உட்கார வேண்டும். டையில் ஸ்பாஞ்ச் மறைப்பதால் பிளேடு எங்கே இருக்கிறது என்று அனுமானிக்க வேண்டியிருக்கும். இந்த மெஷின் பாயில் ஒட்டிய துணியையே ஸ்கேன் செய்து திரையில் காட்டும். வெட்டும் கோட்டை விரலால் நகர்த்திப் பூவின்மேல் வைத்துவிடலாம். கம்ப்யூட்டரும் தேவையில்லை, இணையமும் தேவையில்லை.

இந்தக் கடைசி விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021 மார்ச்சில் கிரிக்கட், தன் மென்பொருளில் இலவசக் கணக்கு வைத்திருப்பவர்கள் மாதத்துக்கு 20 படங்கள்தான் சொந்தமாக ஏற்றலாம், அதற்கு மேல் சந்தா கட்ட வேண்டும் என்று அறிவித்தது. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. காசு கொடுத்து வாங்கி நம் மேசையில் வைத்திருக்கும் கருவியின் விதியை வேறு யாரோ ஒரே இரவில் மாற்ற நினைக்க முடிகிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. கைப்பிடி சுற்றும் மெஷினிடம் எந்தக் கணக்கும் யாரும் கேட்கப் போவதில்லை.

பாய்கள் பற்றியும் சொல்ல வேண்டும். பருத்தித் துணியின் தூசும் விரலின் எண்ணெய்ப் பிசுக்கும் பசையைக் கொல்லும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்த கையால் துணியை நீவாதீர்கள், சின்ன ரப்பர் உருளையால் தேயுங்கள். வேலை முடிந்ததும் மேல் பிளாஸ்டிக்கைத் திரும்ப ஒட்டிவிடுங்கள். பாய், பிளேடு, டை எல்லாம் தொடர் செலவு. மெஷின் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடக் கூடாது. டை வகையில் மெஷினைவிட டைகள்தான் பணத்தை விழுங்கும். அதனால் நீங்கள் திரும்பத் திரும்பத் தைக்கும் ஒரு பிளாக்கை (குவில்டில் சேரும் ஒரு கட்ட வடிவத்தை) தேர்ந்தெடுத்து, அதற்கான டையோடு மட்டும் தொடங்குங்கள்.

இன்னொரு முக்கியமான காரணத்தைப் பற்றி நம் பெண்கள் வாய் திறந்து பேசுவதே இல்லை. பட்டர்வொர்த்தில் இருக்கும் என் பெரியம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இப்போது கட்டை விரலின் அடிமூட்டு வீங்கி, கத்திரிக்கோலை நான்கு தடவை அழுத்தினாலே கையை உதறுவார். தைப்பதை விட்டுவிடப் போகிறேன் என்றார். டை மெஷினில் அவர் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றுகிறார். பாரம் தோளுக்குப் போகிறது, விரலுக்கு வேலை இல்லை. இப்போது பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் போர்வை தயாராகிறது. கை வலிக்கிறவர்கள் விஷயத்தில் நான் மேலே சொன்ன கணக்கெல்லாம் செல்லாது. சதுரம் வெட்டவும் மெஷின் வாங்குங்கள், யாரும் ஆடம்பரம் என்று சொல்ல விடாதீர்கள். தோளும் முடியாது என்றால் மின்சாரத்தில் ஓடும் மாடல் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் ஒட்டியிருக்கும் லேபிளில் வோல்ட்டைப் பாருங்கள். அங்கே 120, நம் வீட்டில் 230.

டெமோவுக்குப் போகும்போது உங்கள் துணியைக் கொண்டு போங்கள். கடைக்காரர் வைத்திருக்கும் விறைப்பான புதுத்துணியை எந்த மெஷினும் வெட்டும். பழைய சேலைத் துண்டு, வாயில் (voile) என்ற மெல்லிய துணி, ஜரிகை ஓடும் ரவிக்கைத் துண்டு, இவற்றை வெட்டச் சொல்லிக் கேளுங்கள். ஜரிகை பிளேடைச் சீக்கிரம் மழுக்கிவிடும் என்பதால் சிலர் தயங்குவார்கள், அப்படியானால் வாயிலையாவது வெட்டிக் காட்டட்டும். நீங்கள் தைப்பது எந்த பிளாக், எந்தத் துணி என்று கமெண்ட்டில் எழுதுங்கள். எனக்குத் தெரிந்தவரை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்கிறேன்.