நடுங்கும் கோடும் காணிக்கைதான்

புத்தாண்டு ஆராதனையில் நாம் எடுக்கிற வாக்குத்தத்த அட்டைகளை, அதாவது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் தாங்கிய அட்டைகளை, கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் சுவிட்சர்லாந்துப் பனிமலை, இல்லாவிட்டால் எங்கோ பூத்த துலிப் தோட்டம், அதன்மேல் ஒரு வசனம். நீலகிரியில் குடியிருந்துகொண்டு வேறு தேசத்து மலையைக் கையில் வாங்கி வருகிறோம். நம் சோலைக்காடும் தேயிலைச் சரிவும் ஒரு வசனத்தைத் தாங்காதா? எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம். அதனால்தான் கிறிஸ்துமஸ், பிறந்தநாள், கல்யாணம் எதுவானாலும் அட்டையோ புக்மார்க்கோ சிறு படமோ நானே வரைந்து கொடுக்கிறேன்.

எனக்குக் கை நடுக்கம் உண்டு. அப்பாவுக்கும் இருந்தது. மடியில் சும்மா வைத்திருக்கும்போது தெரியாது. பேனாவைப் பிடித்துக் கோடு இழுத்தால் வந்துவிடும். யாராவது பக்கத்தில் நின்று பார்த்தால் இன்னும் கூடும். சோலை மரக் கிளைகள் இயல்பாகவே முறுக்கிக்கொண்டு நிற்பவை, அவற்றை வரையும்போது நடுக்கம் தெரியாது. தேவாலயக் கோபுரம் வரைந்தால் தெரியும். செயலியில் வரைந்தால் கோட்டை அதுவே நேராக்கிவிடும் என்று மகள் சொன்னாள். வேண்டாம் என்றேன்.

சபையில் ஒரு அக்கா அன்போடுதான் கேட்டார்: “கர்த்தருடைய வசனத்தை எழுதிக் கொடுக்கிறோம், நேர்த்தியா இருக்க வேண்டாமா? பழுதுள்ளதைப் பலியிடக்கூடாதுன்னுதானே லேவியராகமத்துல இருக்கு?” நியாயமான கேள்வி. 22ஆம் அதிகாரத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய அதிகாரம், உடலில் ஊனமுள்ள ஆசாரியன் பலி செலுத்தக் கிட்டவே வரக்கூடாது என்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். ஆனால் நாம் அங்கேயே நின்றுவிட முடியாது. அந்தப் பழுதற்ற ஆட்டுக்குட்டி கிறிஸ்துவே என்று பேதுரு எழுதுகிறார். பழுதில்லாத பலி ஒரே தரம் கொடுத்தாயிற்று, அதை நான் மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் கிறிஸ்து உயிர்த்தெழுந்து வந்தபோது கைகளில் காயம் இருந்ததே! மரணத்தை ஜெயித்தவருக்குத் தழும்பை இல்லாமலாக்குவது பெரிய காரியமா? அதை வைத்துக்கொண்டார். சந்தேகப்பட்ட சீஷன் தோமாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பவுலும் தன் மாம்சத்தில் முள்ளாய்க் குத்திய பலவீனத்தை எடுத்துவிடும்படி கர்த்தரிடம் மூன்று தரம் கேட்டார். “என் கிருபை உனக்குப் போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்” என்பதுதான் பதில். முள் எடுபட்டதாக எங்கும் எழுதியில்லை.

இதை வைத்துக்கொண்டு “நான் இப்படித்தான்” என்று கோபத்துக்கும் பொறாமைக்கும் சாக்கு சொல்லக்கூடாது. அவை மனந்திரும்ப வேண்டியவை. கை நடுக்கம் அப்படியல்ல. திக்குவாயும் மாறுகண்ணும் அப்படியல்ல.

கோணல் பரவாயில்லை என்பதற்காக அசட்டையாகவும் செய்துவிட முடியாது. யாத்திராகமம் 31ஐ வாசித்துப் பாருங்கள். தேவ ஆவியால் நிரப்பினேன் என்று கர்த்தர் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பெசலெயேல் ஒரு கைவினைக்காரர். பொன், வெள்ளி, கல், மரம் என்று வேலை செய்தவர். அவர் நினைவு இருப்பதால் காகிதத்தில் நான் கஞ்சத்தனம் பண்ணுவதில்லை. வாட்டர் கலருக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கனமுள்ள காட்டன் காகிதம் வேண்டும், மெல்லிய தாள் ஈரம் பட்டால் சுருண்டுவிடும். கோடு போடத் தண்ணீரில் கரையாத மை வேண்டும். சாதாரண ஃபவுண்டன் பேனா மையின் மேல் வண்ணம் வைத்தால் வசனம் கலங்கிவிடும். மஞ்சு இறங்கும் நாளில் ஒரு பூச்சு காயவே வெகுநேரம் ஆகிறது. அவசரப்பட்டு அடுத்ததைப் பூசினால் திட்டுத்திட்டாக விரியும். வரைந்ததை அலமாரியில் அப்படியே அடுக்கி வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்பது மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பக்கவாதம் வந்தபின் எழுதுவதையே விட்டுவிட்ட ஒரு பெரியவருக்கு ஒரு அட்டை கொடுத்தேன். குறிஞ்சி பூத்த சரிவு, கீழே அந்தப் பவுலின் வசனம், எழுத்தெல்லாம் அலையலையாக. பல முறை பார்த்தார். பிறகு பேனா கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் இடது கையால் பேரனுடைய பெயரை எழுதினார். கடையில் வாங்கிய அட்டையில் அவர் அப்படி எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த வருஷம் நீங்களும் வரையுங்கள். உங்கள் வீட்டு ஜன்னலில் தெரிவதையே வரையுங்கள், கேரட் தோட்டமானாலும் சரி. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் எதுவும் காயாது, அதனால் செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடுங்கள். நல்ல காகிதம் கிடைக்காதவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், என்னிடம் இருப்பதைப் பகிர்ந்துகொள்கிறேன்.