எக்ஸ்ரே படத்துக்கு ஆபரேஷன் கிடையாது

தேய்ந்த முட்டியை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்கும் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு ஆள் பிடித்த ஞாயிற்றுக்கிழமை இலவச முகாமின் வீடியோவைப் பார்த்தேன். வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களிடம் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "நாலாம் கிரேடு, ரெண்டு முட்டியும் போச்சு, இந்த மாசத்துக்குள்ள புக் பண்ணினா சலுகை" என்று சொன்னதுதான் மனசை அறுக்கிறது. ஒருவரையாவது எழுந்து நடக்கச் சொன்னார்களா? ராத்திரி வலியில் முழிப்பு வருகிறதா என்று கேட்டார்களா?

எக்ஸ்ரே படத்துக்கு ஆபரேஷன் கிடையாது. ஆளுக்குத்தான் ஆபரேஷன்.

அந்தக் கிரேடு கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் 1957ல் வகுத்தது. எலும்புகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது, ஓரத்தில் எலும்பு முளைத்திருக்கிறதா என்று பார்த்து 0 முதல் 4 வரை எண் கொடுப்பார்கள். வலியை அது அளக்காது. நாலாம் கிரேடு முட்டியோடு தினமும் சந்தைக்கு நடப்பவர்கள் உண்டு. இரண்டாம் கிரேடில் படியேற முடியாமல் தவிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு முதலில் இடுப்பு மூட்டையும் முதுகையும் பார்க்க வேண்டும், அங்கிருந்து இறங்கும் வலி முட்டியில் தெரியும். படமும் நிற்க வைத்து எடுத்ததாக இருக்க வேண்டும். படுக்க வைத்து எடுத்தால் எடை இறங்காது, தேய்மானம் குறைவாகவே தெரியும்.

"அப்போ எக்ஸ்ரேயே வேண்டாமா?" என்று வருவீர்கள். வேண்டும். படத்தில் தேய்மானம் குறைவாக இருக்கும்போதே மூட்டை மாற்றிக்கொண்டவர்களில்தான் திருப்தி இல்லாதவர்கள் அதிகம். ஆகவே எக்ஸ்ரே "இப்போது வேண்டாம்" என்று தடுக்கலாம். "இன்றைக்கே செய்" என்று கட்டளை போட அதற்கு உரிமை இல்லை.

கேட்க வேண்டியது வேறு. நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது? தூக்கம் கெடுகிறதா? மாத்திரை இல்லாமல் ஒரு நாள் ஓடுமா? கால் வில்லாக வளைந்துகொண்டே போகிறதா, முட்டியை முழுசாக நீட்ட முடிகிறதா? பிறகு, உருப்படியாக மூன்று மாதம் பயிற்சி செய்தார்களா? தைலம் தேய்த்ததையும் பட்டை கட்டியதையும் நான் பயிற்சியாக எண்ணவில்லை. மல்லாந்து படுத்து, முட்டியை இறுக்கி நீட்டி, காலை ஓர் அடி தூக்கி ஐந்து விநாடி நிறுத்துவது; பத்துத் தடவை, மூன்று சுற்று. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. வாரத்தில் மூன்று நாளாவது, 12 வாரம். கூடவே எடை. உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிமேல் விழும் சுமை சுமார் 4 கிலோ குறையும்.

டென்மார்க்கில் 100 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2015ல் வந்தது. எல்லோருக்கும் பயிற்சியும் எடைக் குறைப்பும். பாதிப் பேருக்குக் கூடவே மூட்டு மாற்று. ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி நன்றாகவே குறைந்தது, கடுமையான சிக்கல்களும் அவர்களுக்குத்தான் அதிகம் வந்தன. ஆபரேஷன் இல்லாத 50 பேரில் ஒரு வருடத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனது 13 பேர்தான்.

"பிசியோவுக்கு ஆபரேஷனைப் பத்தி என்ன தெரியும்?" என்று, பிசியோதெரபிஸ்ட்டான என்னை ஒரு சிலர் கேட்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த முட்டியை மடக்கி நிமிர்த்துவது யார் என்று அவர்களே யோசிக்கட்டும். மூட்டு மாற்று அருமையான சிகிச்சை. போட்ட மூட்டுகளில் நூற்றுக்கு 80க்கு மேல் 25 வருடம் தாங்குகின்றன. 70 வயதுக்கு மேல் செய்துகொண்டால் மறு ஆபரேஷன் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 5 அளவுதான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஆண்களுக்கோ அது 35 வரை போகிறது. அந்த வரிசையில் 52 வயதுக்காரரும் உட்கார்ந்திருந்தார், அவருக்கும் அதே வசனம்தான்.

"இந்த மாசத்துக்குள்ள" என்ற அவசரம் எனக்குப் பயத்தைத் தருகிறது. முட்டியில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மூன்று மாதமாவது தள்ளிப்போட வேண்டும், இல்லையென்றால் உள்ளே கிருமி பிடிக்கும் அபாயம் கூடும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 8க்கு மேல் இருந்தால் முதலில் அதை இறக்க வேண்டும். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, காலில் ஆறாத புண், எல்லாம் ஆறிய பிறகுதான் கத்தி. இரண்டு முட்டியையும் ஒரே நாளில் என்றால் இதயத்தைச் சோதிக்காமல் பேசவே கூடாது. சலுகை என்கிறார்களே, 2017 ஆகஸ்டிலேயே மத்திய அரசு மூட்டுக்கு உச்சவிலை வைத்துவிட்டது; பலருக்கும் போடும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய். பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். அதன் ஸ்டிக்கரைப் பத்திரமாக வையுங்கள், மறு ஆபரேஷன் வந்தால் எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று அதை வைத்துத்தான் தேடுவார்கள்.

இன்னொரு கூட்டம், "ஆபரேஷன் பண்ணினவங்க யாரும் நடந்ததில்ல" என்று பயமுறுத்துகிறது. இவர்கள் செய்வதும் கேடுதான். முட்டி மடங்கியபடியே இறுகி, தொடைச் சதை வற்றி, சுவரைப் பிடித்துக் கழிப்பறைக்குப் போகும் நிலை வரைக்கும் தள்ளிப்போட்டுவிட்டு, பிறகு ஆபரேஷனைக் குறை சொன்னால் எப்படி? மறுநாளே வாக்கரோடு நிற்க வைப்பார்கள். இரண்டு வாரத்தில் 90 டிகிரி மடங்க வேண்டும். சுகமாக இருக்கிறதென்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் கால் வளைந்தே நின்றுவிடும். குதிகாலுக்கு அடியில்தான் வைக்க வேண்டும். முதல் ஆறு வாரம் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஓர் ஆள்தான் கிடைப்பதில்லை. அப்பாவுக்கு முட்டி வலி என்றால் வீடே லீவு போட்டு ஆஸ்பத்திரியில் நிற்கிறது. அம்மா மட்டும் பேத்தி பரீட்சை முடியட்டும், மருமகள் பிரசவம் முடியட்டும் என்று வருடக்கணக்கில் இழுத்து, கால் வில்லாக வளைந்த பிறகு வருகிறார். "உனக்கு என்னம்மா முடியல?" என்று யாரும் கேட்டிருக்கவில்லை. "பாட்டிக்கு வயசாயிடுச்சு" என்று மகன் பதில் சொல்கிறார், வலி யாருக்கோ என்பதுபோல. அந்த முகாமில் தனியாக வந்து உட்கார்ந்திருந்த அம்மாக்களைப் பாருங்கள். இலவசம் என்றால் வீட்டில் யாரிடமும் கேட்க வேண்டாம் என்றுதான் வந்திருப்பார்கள். அவர்களிடம்தான் அன்றைக்கு முன்பணம் வாங்கினார்கள்.

அப்படிப் பணம் கட்டியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் தேதியைத் தள்ளிவையுங்கள். முகாமோடு சம்பந்தமில்லாத ஓர் எலும்பு மருத்துவரிடம், நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயோடும் ஊசி போட்ட தேதியோடும் கூட்டிப் போங்கள். அறைக்குள் அம்மா பேசட்டும், நீங்கள் பேசாதீர்கள்.