ஒரே நிறுவனத்துக்கு எத்தனை மஞ்சள்?

எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் மாம்பழக்கூழ் டப்பாவில் இருப்பது ஒரு மஞ்சள். பர்கூர் கடை போர்டில் எலுமிச்சை மஞ்சள். காவேரிப்பட்டணத்தில் கட்டிய ஃப்ளெக்ஸில் அது ஆரஞ்சாகவே ஆகிவிட்டது. பில் புக்கிலோ மஞ்சளே கிடையாது, "சிங்கிள் கலர்தான் சார் கட்டுப்படியாகும்" என்று நீலத்தில் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். இத்தனையும் ஒரே இடத்துச் சரக்கு என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

நாங்கள் கேட்டது இரண்டே நிறம். பழுத்த பெங்களூரா மாம்பழத்தின் மஞ்சள், மாவிலையின் கரும்பச்சை. இயக்குநர்கள் கூட்டத்தில் மல்லுக்கட்டி முடிவு செய்தது. மஞ்சளுக்கு சி.எம்.ஒய்.கே., அதாவது சயான் (நீலப்பச்சை), மெஜந்தா (கருஞ்சிவப்பு ரோஸ்), மஞ்சள், கறுப்பு மைகளின் சதவீதம், 0, 30, 100, 0 என்று எண்ணோடு தாளில் எழுதி எல்லா அச்சகத்துக்கும் கொடுத்தாயிற்று. யாராவது அந்தத் தாளைப் பார்த்தார்களா? வாட்ஸ்அப்பில் வந்த லோகோ படத்தைக் கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளில் இழுத்துப் போட்டு, "டல்லா இருந்துச்சு, கொஞ்சம் தூக்கி விட்டேன்" என்கிறார்கள். யாரைக் கேட்டுத் தூக்கினீர்கள்?

மிஷினுக்கு மிஷின் நிறம் மாறும், எனக்கும் தெரியும். மொபைல் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலந்து காட்டுகிறது. அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மை. திரையில் பளீரென்று எரியும் பச்சை அந்த நான்கு மையில் வரவே வராது. வழவழப்பான ஆர்ட் பேப்பரில் எடுப்பாக நிற்கும் மஞ்சள், பில் புக் தாளில் மை உறிஞ்சி மங்கிப்போகும். வெட்டி ஒட்டும் வினைல் ஸ்டிக்கர் என்றால் ஷேடு கார்டில் (நிற மாதிரி அட்டையில்) இருப்பதில் நெருக்கமானதைத்தான் எடுக்க முடியும். சரி, அதனால்தானே சாம்பிள் அடித்துக் காட்டுங்கள் என்று கெஞ்சுகிறோம்? ஒரு சதுர அடித் துண்டு போதும். அதற்குக்கூட நேரமில்லை, ஆனால் முழு ஃப்ளெக்ஸையும் தப்பாக அடிக்க நேரமிருக்கிறது!

அச்சகத்தைவிட எங்கள் ஆட்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். பொங்கல் வாழ்த்துக்கு ரோஸ், மாங்கனி கண்காட்சி ஸ்டாலுக்கு ஊதா. கேட்டால், "பச்சையே பார்த்துப் பார்த்து சலிச்சுப் போச்சு." சலித்தது உங்களுக்கு! தினமும் பார்ப்பது நீங்கள்தான். கண்காட்சிக்கு வருகிறவர் இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறார், அவர் மனதில் பதியும் முன்பே மாற்றிவிட்டால் எதைப் பிடித்து நம்மை ஞாபகம் வைத்துக்கொள்வார்? கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் விற்கிறவர்களுக்கா பஞ்சம்? டிவியில் விளம்பரம் கொடுக்க நம்மிடம் காசில்லை. அலமாரியில் தூரத்திலிருந்தே நம் டப்பாவைக் காட்டிக்கொடுக்க அந்த இரண்டு நிறம்தான் இருக்கிறது.

அப்புறம் அந்த மஞ்சள்மேல் வெள்ளை எழுத்து. இணையப் பக்கங்களில் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடாவது வேண்டும் என்கிறது அணுகல்தன்மை வழிகாட்டுதல். எங்கள் மஞ்சள்மேல் வெள்ளை வைத்தால் 2-க்கு 1 கூடத் தேறாது. வெயிலில் நின்று பாருங்கள், போன் நம்பரே தெரியாது. கரும்பச்சையில் எழுதுங்கள் என்று அதே தாளில்தான் இருக்கிறது.

பொருளாளரிடம் சொல்லிவிட்டேன். இனிமேல் கையெழுத்திட்ட சாம்பிள் துண்டு இல்லாமல் வரும் எந்த அச்சு பில்லும் பாஸ் ஆகாது.