ஓரியண்டியரிங்கைச் செம்பனைக் காட்டில் வைக்க வேண்டாம்

சென்ற வாரம் நம் பகாவ் ஊர்ப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நண்பர் ஒருவர் கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் எழுதத் தொடங்கினேன். அது நீண்டுகொண்டே போனதால் இங்கே பதிவிடுகிறேன். வாசலைத் தாண்டினால் ஆயிரக்கணக்கான ஏக்கர் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, இருக்கும்போது, ஓரியண்டியரிங் விளையாட்டுக்காகப் பிள்ளைகளை மூன்று மணி நேரம் வேனில் ஏற்றிப் பகாங் மாநிலத்து ரொம்பின் கடற்கரைக்குக் கொண்டுபோவது வீண் செலவு இல்லையா என்பது அவருடைய கேள்வி. தோட்ட வேலையை மேற்பார்க்கும் வெளிக்கிராணியாக இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தச் செம்பனைக்குள்ளேயே மோட்டாரில் சுற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த விளையாட்டுக்கு அதைவிடப் பொருத்தமற்ற இடத்தைத் தேடினாலும் கிடைக்காது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஓரியண்டியரிங் என்பது நில வரைபடமும் காந்த ஊசியும் கையில் கொண்டு, படத்தில் வட்டமிட்ட இடங்களை வரிசைப்படி தேடிச் சென்று, ஒவ்வோர் இடத்திலும் தொங்கும் வெள்ளையும் ஆரஞ்சும் கலந்த சிறு கொடியைக் கண்டு, அங்கிருக்கும் துளைக்கருவியால் தன் அட்டையில் துளையிட்டுத் திரும்பும் ஓட்டம். எந்த வழியாகப் போவது என்பது ஓடுபவரின் விருப்பம். கைப்பேசியை எடுத்துப் பார்க்கக் கூடாது.

கடந்த மார்ச் மாதத் தொடக்கத்தில், கடற்கரை மணல் மேடுகளில் ஓர் ஓட்டக் குழுவினர் சிறிய அளவில் நடத்திய போட்டிக்கு, படிவம் நான்கில் படிக்கும் என் அக்காள் மகளுக்குத் துணையாகத்தான் போனேன். அங்கே சென்றதும், துணைக்கு வந்தவர்களும் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். காட்டு வேலையில் இத்தனை ஆண்டு இருந்தவனுக்கு இது என்ன பெரிய காரியம் என்று கொடுத்துவிட்டேன். நீளம் 3.2 கிலோமீட்டர், கொடிகள் பதினொன்று. அந்த நீளத்தைக் கொடிக்குக் கொடி நேர்கோட்டில் அளப்பார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் கால்கள் நடந்த கணக்கு அதைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாது.

முதல் மூன்று கொடிகளும் எளிதாகக் கிடைத்தன. நான்காவது கொடி ஒரு குழிக்குள் இருப்பதாகப் படம் சொன்னது. நான் தோட்டத்துப் பழக்கத்தில் காலடிகளை எண்ணிக்கொண்டே போய், எண்ணிக்கை முடிந்த இடத்தில் ஒரு மேட்டின் உச்சியில் நின்றேன். கொடி இல்லை. படத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்துக் காட்டும் உயரக் கோட்டு வளையம் மேட்டுக்கும் ஒன்றுதான், குழிக்கும் ஒன்றுதான். குழியாக இருந்தால் வளையத்தின் உட்பக்கம் முள்ளைப்போல ஒரு சிறு கோடு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முள் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கண்ணாடியை வேனில் விட்டுவிட்டு வந்த எனக்கு அது எங்கே தெரியப் போகிறது?

சரி, கடல் எந்தப் பக்கம் என்று கேட்டாவது திசையை அறிவோம் என்று குழிக்குள் இறங்கிக் காது கொடுத்தால், நான்கு பக்கமும் கடல் இரைந்தது. சவுக்கு மரங்களில் காற்று புகுந்தால் எழும் ஓசைக்கும் தூரத்து அலையோசைக்கும் வேறுபாடு காண்பது அவ்வளவு எளிதன்று என்பதை அன்று அறிந்தேன். காந்த ஊசியும் கைவிட்டது. லண்டனில் இருக்கும் உறவினர் பரிசாக அனுப்பியது அது. பூமியின் காந்தப் புலம் அங்கே ஊசியின் வடமுனையைக் கீழ்நோக்கி இழுப்பதால், அதைச் சமன் செய்யத் தென்பக்கத்தில் சற்று எடை கூட்டி அங்குள்ள ஊசிகளைச் செய்கிறார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் மலேசியாவில் அந்த இழுப்பு இல்லாததால் கூட்டிய எடையே தென்முனையைத் தாழ்த்தி, ஊசி அடித்தட்டில் உரசி நின்றுவிடுகிறது. தட்டத் தட்டத்தான் என்னுடையது நகர்ந்தது. தட்டுவதை நிறுத்தினால் அதுவும் நின்றது. கொடியோ, நான் முதலில் நின்ற மேட்டுக்கு இருபது அடி கீழே, ஒரு தாழம்புதருக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. நான் முடித்து வர ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடம் ஆனது. நாற்பத்தொரு நிமிடத்தில் முடித்திருந்த மருமகள், நாசி லெமாக் சாப்பிட்டுப் பசியாறிவிட்டு, "மாமா, நீங்க எண்ணிக்கிட்டே போனீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வியில்தான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் நாம் செய்வது எண்ணுவது மட்டுமே. முக்கோண நடவில் 29 அடிக்கு ஒரு மரம், எக்டருக்கு 148 மரம். ஒரு நிரைவிட்டு ஒரு நிரை வெட்டிப் போட்ட மட்டைகளின் அடுக்கு, அடுத்தது அறுவடைப் பாதை. சாலை முனைதோறும் பிளாக் எண் பலகை. எந்த மரத்தடியில் நின்றாலும் கண்ணுக்குத் தெரிவது ஒரே காட்சிதான். அங்கே வழி கண்டுபிடிக்க நிலத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, நிரையை எண்ணினால் போதும். தேவை இல்லாததால் நாமும் பார்ப்பதில்லை. குன்றுப் பாங்கான தோட்டங்களில் படிக்கட்டு நடவு இருக்கிறதே என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அதுவும் இயந்திரம் வெட்டிய படிதான், ஒன்றைப் போலவே அடுத்ததும் இருக்கும். இருபது கிலோ குலை தலைக்கு மேல் தொங்கும் இடத்தில் பிள்ளைகளைப் படத்தில் கண் வைத்து ஓடச் சொல்வதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மணலில் கதை நேர்மாறு. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே மணல்தான். கிளந்தான், திரெங்கானு, பகாங் கரைகளில் 'பிரிஸ்' என்று வேளாண் துறையினர் சொல்லும் இந்த மண்ணை, ஒன்றும் விளையாத மண் என்று நாங்கள் பேச்சுக்குக்கூட எடுத்துக்கொள்ள மாட்டோம். ஆனால் உள்ளே நடந்தால், கரைக்கு இணையாக மணல் வரப்பு, அதை அடுத்து ஈரத் தாழ்வு, மறுபடி வரப்பு என்று கிடக்கும் அந்த நிலத்தில், காற்று அள்ளிக் குவித்த ஒவ்வொரு மேடும் வேறு வேறு சாய்வில் நிற்கிறது. கடல் பக்கம் அடும்புக் கொடி படர்ந்திருக்கிறது, சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் வருமே, அதே அடும்பு. அதற்குப் பின்னால் இராவணன் மீசைப் புல், பிறகு தாழை, பிறகு சவுக்கு. இந்த வரிசை மனத்தில் பதிந்துவிட்டால் கடல் எந்தப் பக்கம் என்று காது கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை. மருமகள் அதைத்தான் செய்திருக்கிறாள். அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அவள் பள்ளித் திடலில் இதுவரை ஒரு பரிசும் வாங்கியதில்லை. குறுக்கோட்டத்தில் ஆண்டுதோறும் அதே நான்கு பிள்ளைகள் முன்னால் வருவதும், மற்றவர்கள் பாதி வழியில் நடக்கத் தொடங்குவதும் நமக்குப் பழகிப்போன காட்சி. 1919-இல் ஸ்டாக்ஹோம் அருகே பெரிய அளவில் இந்தப் போட்டியை நடத்திய சுவீடன் நாட்டு மேஜர் எர்ன்ஸ்ட் கில்லாண்டர், திடல் ஓட்டத்தில் இளைஞர்களுக்கு ஆர்வம் குறைந்துவருவதைக் கண்டுதான் அவர்களைக் காட்டுக்குள் ஓட அழைத்தார். நூறு ஆண்டுக்கு முன் அவர் கண்ட சிக்கல் இன்று நம் பள்ளித் திடலில் நிற்கிறது.

செலவைப் பற்றி நண்பர் சொன்னது நியாயம்தான். வேன் வாடகை, காலைப் பசியாறல், மதிய உணவு எல்லாம் சேர்த்தால் சிறு தொகை அல்ல. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை போதும். அதற்கு மேல் போகவும் கூடாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரையில் பருவமழை; ஏப்ரல் பிறந்தால் ஆமைகள் மணலில் ஏறி முட்டையிடும் காலம் தொடங்கிவிடும்; இடையில் கிடைப்பது மார்ச் மாதம் ஒன்றே. அடும்புக் கொடியின் மேல் ஓட வேண்டாம், மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான் என்று ஏற்பாட்டாளர்கள் தொடக்கத்திலேயே சொன்னார்கள். போட்டிக்கான ஆரஞ்சுக் கொடிகளையும் அதைவிட்டுத் தள்ளியே வைத்திருந்தார்கள். நாமும் இதைப் பிள்ளைகளிடம் வேனில் ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த மார்ச்சுக்கு ஒரு வேன் பேசலாம் என்றிருக்கிறேன். பதினான்கு இடம், அவற்றில் முன்னிருக்கை ஏற்கெனவே போய்விட்டது, யாருக்கென்று சொல்ல வேண்டியதில்லை. வரும் பெற்றோரும் பெயர் கொடுக்கலாம். மூக்குக்கண்ணாடி இருந்தால் மறக்காமல் கொண்டுவாருங்கள்.