பையன் குண்டா இருந்தா குண்டு எறிஞ்சிருவானா?

பக்கத்துப் பள்ளிக்கூடங்க சேந்து மோதுற குறுவட்டப் போட்டிக்கு ஒரு வாரம் கிடக்கும்போதுதான் எறிதல்னு ஒண்ணு இருக்கிறதே பள்ளிக்கூடத்துக்கு ஞாபகம் வரும். ஓட ஆள் எடுத்தாச்சு, தாண்ட ஆள் எடுத்தாச்சு. மிச்சம் நிக்கிறவன்ல எவன் தடியா இருக்கானோ அவன் முதுகுல ஒரு தட்டு. "ஏல, நீ குண்டு போடு." தேர்வு முடிஞ்சுது. தமிழ்ல அந்த குண்டுக்கும் இந்த குண்டுக்கும் ஒரே சொல்லாப் போனது எறிதல் கோச்சோட தலையெழுத்து. அவங்க வீட்லயும் அன்னைக்கு ராத்திரியே கூட ரெண்டு புரோட்டாவ பிச்சுப்போட்டு சால்னாவ ஊத்தி பிள்ளையைத் தேத்த ஆரம்பிச்சிருவாங்க.

உடம்புல கனம் வேண்டாம்னு யாரும் சொல்லல. ஆனா குண்டு எவ்வளவு தூரம் போகும்ங்கிறதை முதல்ல முடிவு பண்றது கையை விட்டுக் கிளம்புற நேரத்துல அதுக்கு இருக்கிற வேகம். அந்த வேகம் கால்ல பிறந்து, இடுப்புல திரும்பி, நெஞ்சுக்கு வந்து, கடைசியிலதான் கைக்கு வரும். வலதுகைக்காரனுக்கு இடது கால், வட்டத்து முன்னால இருக்கிற நிறுத்துப் பலகை ஓரத்துல விறைப்பா ஊணி நிக்கணும். டவுன் பஸ்ல டிரைவர் சடன் பிரேக் போட்டா கம்பியைப் பிடிக்காதவன் முன்னால போய் விழுவான்லா, அதே கணக்கு: உடம்பு நின்னா குண்டு பறக்கும். அந்த முட்டி மடங்குச்சா, வேகம் பூராவும் மண்ணுக்குள்ள போயிரும். இதைப் படிய வைக்கவே ஒரு வருசம் ஆகும். ஒரு வாரத்துல என்னத்த வே செய்ய?

இதுக்கு நடுவுல, வேடிக்கை பாக்க வந்த அறிவியல் சார் ஒருத்தர், "45 டிகிரில எறிஞ்சா அதிக தூரம் போகும்டே"ன்னு பையனுக்குப் பாடம் எடுத்துட்டுப் போயிருவார். சார், அது தரையில இருந்து கிளம்பி தரையிலயே விழுற பொருளுக்கு. குண்டு கிளம்புறது தரைக்கு மேல ரெண்டு மீட்டர் உயரத்துல. அதுபோக, மேல் நோக்கித் தள்ளத் தள்ள மனுசனுக்கு வேகம் குறையும். உலகத்துல பெரிய ஆளுகளே பெரும்பாலும் 40 டிகிரிக்குக் கீழதான் விடுறாங்க. உங்க பாடத்தைக் கேட்ட பையன் வானத்தைப் பாத்து எறிஞ்சு, அவன் முன்னாலயே குண்டைப் போட்டுக்கிட்டு நிக்கான்.

சரி, குண்டாவது ஒழுங்கா இருக்கா? முக்காவாசி பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூம்ல துருப்பிடிச்சுக் கிடக்கிறது ஒரே ஒரு குண்டு. 7.26 கிலோ, அதாவது பழைய கணக்குல 16 பவுண்டு. வளந்த ஆம்பளைங்க எறியிறது. 18 வயசுக்குக் கீழ பையனுக்கு 5 கிலோ, பொம்பளப் பிள்ளைகளுக்கு 3 கிலோ, 20க்குக் கீழ பையனுக்கு 6, பெரிய பொம்பளைகளுக்கு 4. இவ்வளவு வித்தியாசம் எதுக்கு வச்சிருக்கான்? எட்டாங்கிளாஸ் பையன் கையில 16 பவுண்டைக் குடுத்தா அவனால கழுத்துல ஒட்டி வச்சுத் தள்ள முடியாது. முழங்கை கீழ இறங்கும், குண்டு தோளுக்குப் பின்னால போகும், பந்து எறியிற மாதிரி வீசுவான். விதிப்படி அது ஃபவுல். அதை விட மோசம், முழங்கையோட உள்பக்கம் வலி பிடிச்சுக்கும். வீட்ல சுளுக்குன்னு எண்ணெய் போட்டு நீவுவாங்க. மறுநாளும் அதே 16 பவுண்டு.

புதுசா வாங்குனா அதுலயும் ஏமாத்து. மேல 5 கிலோன்னு அச்சடிச்சிருக்கும். பக்கத்துல இருக்கிற அண்ணாச்சி கடைத் தராசுல வச்சுப் பாருங்க, நூறு கிராம் குறையும். போட்டியில எடை போடும்போது ஒரு கிராம் குறைஞ்சாலும் அந்தக் குண்டு வெளியதான்.

இப்ப வட்டத்துக்கு வருவோம். குமுறல்ல பெரும்பங்கு இதுக்குத்தான்.

குண்டு எறியிற வட்டத்துக்குக் குறுக்களவு 2.135 மீட்டர். மண் தரையில சுண்ணாம்புப் பொடி வச்சுப் போடணும்னா நடுவுல ஆணி அடிச்சு, 1.0675 மீட்டர் கயிறு கட்டிச் சுத்தணும். தட்டு எறிய 2.50 மீட்டர், அதுக்குக் கயிறு 1.25. இது என்ன கம்பசூத்திரமா? ஆனா 2.135 மீட்டர்னு எங்கயோ படிச்சுட்டு கயிறையே அந்த நீளத்துக்குக் கட்டி, களத்துமேடு மாதிரி ஒரு வட்டம் போட்டு வைப்பாங்க. அதுக்குள்ள மாட்டைப் பூட்டிச் சூடடிக்கலாம்.

குண்டு எதுக்குள்ள விழணும்னு காட்டுற எறிதளக் கோடு அதுக்கு மேல. 34.92 டிகிரின்னதும் எல்லாரும் பயந்து கண்ணளவுல ரெண்டு கோடு இழுத்திருவாங்க. கோணமானி எதுவும் வேண்டாம். வட்டத்து மையத்துல இருந்து முன்னால ரெண்டு கோட்டையும் 20 மீட்டர் நீட்டுங்க, ரெண்டு முனைக்கும் நடுவுல சரியா 12 மீட்டர் வரணும். அவ்வளவுதான் வித்தை.

சிமெண்ட் வட்டம் போடுறேன்னு கொத்தனாரை விட்டா வேற கூத்து. அவருக்கு வேலை சுத்தம்னா வழுவழுப்பு. சிமெண்ட் பால் விட்டு, கரண்டியால தேய் தேய்னு தேச்சு, முகம் பாக்கிற மாதிரி ஆக்கிட்டு, "எப்படி இருக்கு, பாத்தியளா?"ன்னு நிப்பார். அதுல எறியிற பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்னு பின்னால வழுக்கி வர்ற பையனுக்கு வலது கால் நடுவுல நிக்காது, நேரா பலகையில போய் மோதுவான். மணியாஸ் கட்டையால மட்டம் பண்ணி, ஈரம் லேசா இழுத்த பிறகு ஈக்கு வாரியலை மெதுவா ஒரு தடவை இழுத்து விட்டாப் போதும். அழுத்தி இழுத்தா சொரசொரப்பு கூடி, காலைத் திருப்ப முடியாம முட்டி பிடிச்சுக்கும். உள்தரை இரும்பு வளையத்துக்கு 2 சென்டிமீட்டர் கீழ இருக்கணும். இவர் ஒண்ணு வளையத்தோட சமமா நிரப்புவார், விளிம்பு எங்கன்னு காலுக்குத் தெரியாது. இல்லேன்னா அரையடி பள்ளம் விடுவார், ஐப்பசி கார்த்திகையில அதுல தவளை முட்டை போடும். தண்ணி இறங்க விளிம்பை ஒட்டி ஓட்டை விடச் சொன்னா, "ஓட்டை எதுக்கு சார், ஒழுகுமே"ங்கிறார்!

அளக்கிறதைப் பத்தியும் சொல்லியாகணும். டேப்போட சைபர் முனை குண்டு விழுந்த குழியில, வட்டத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஓரத்துல நிக்கணும். டேப் வட்டத்தோட மையம் வழியாப் போகணும். படிக்கிறது வளையத்தோட உள் விளிம்புல. அரை சென்டிமீட்டர் கூட இருந்தா கீழதான் இறக்கணும், ஏத்தக்கூடாது. நம்மூர்ல நடக்கிறது? பையன் கால் வச்ச இடத்துல இருந்து, குழியோட அந்தப்பக்க ஓரம் வரைக்கும், தொய்ஞ்ச ஃபைபர் டேப்புல. 11 மீட்டர்னு கைதட்டி, வருவாய் மாவட்டப் போட்டிக்கு அனுப்புவாங்க. அங்க ஒழுங்கா அளந்தா பத்தரையைத் தாண்டாது. உடனே, "கோச் சரியில்ல."

ஈட்டிப் பக்கம் 2021க்குப் பிறகு வேற வெறி. டோக்கியோவுல நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் எறிஞ்சதைப் பாத்ததுல இருந்து எல்லாப் பயலுக்கும் முதல் நாளே ஓடி வந்து எறியணும். நின்னு எறிய வராதவன் ஓடி எறிஞ்சா தோள்பட்டைதான் போகும். வளந்த ஆம்பளைங்க ஈட்டி 2.60 மீட்டருக்குக் குறையாது. அதைத் தூக்கிட்டு அம்பாசமுத்திரம் பஸ்ல ஏறிப் பாருங்க, கண்டக்டர் பாக்கிற பார்வையை. மூணு மீட்டர் பிளாஸ்டிக் குழாய்ல போட்டு ரெண்டு பக்கமும் மூடி மாட்டிட்டா ஆளுக்கும் ஆபத்தில்ல, ஈட்டிக்கும் ஆபத்தில்ல. ஸ்டோர் ரூம்ல படுக்க வையுங்கய்யா. சுவத்துல சாச்சு வச்சு வச்சே வில்லா வளைச்சுட்டு, "நேராப் போக மாட்டேங்குது"ங்காங்க.

மைதானம் யாருக்கு? வாக்கிங் போறவங்களுக்கு. எறிதளக் கோட்டுக்குள்ளயே கைவீசி நடப்பாங்க. விசில் அடிச்சா முறைப்பாங்க. ஒரு கிலோ தட்டு தலையில பட்டா என்ன ஆகும்னு அவங்களுக்கும் தெரியும், இருந்தும் இன்னொரு ரவுண்டு. தட்டுக்கு வலை கேட்டா, இழுத்து விறைப்பாக் கட்டிக் குடுப்பாங்க. வலை தொளதொளன்னு தொங்கினாத்தான் தட்டை வாங்கிக் கீழ போடும். விறைப்பா இருந்தா எறிஞ்சவன் மேலயே திரும்பி வரும்.

இத்தனைக்கும் இந்தத் திருநெல்வேலிச் சீமைக்கு ஒரு வரம் இருக்கு. மேக்க இருந்து வீசுற ஆடிக் காத்து. பணகுடியிலயும் கயத்தாறுலயும் கரண்ட் எடுக்கிற காத்தாடி சும்மாவா சுத்துது? எதிர்க்காத்து தட்டைத் தூக்கும். வலதுகைக்காரனுக்கு வலது பக்கம் முன்னால இருந்து வந்தா இன்னும் நல்லது. 2025 ஏப்ரல்ல லிதுவேனியாக்காரர் அலெக்னா தட்டெறிதல்ல 75.56 மீட்டர் உலக சாதனை வச்சது அமெரிக்காவுல காத்துக்குப் பேர் போன ஒக்லஹாமா ரமோனாவுல. நாம மேக்க பாத்து எறியிற மாதிரி ஒரு வட்டம் போட்டிருக்கோமா? எந்த மூலை காலியோ, எந்தப் பக்கம் சுவரோ, அந்தப் பக்கம் பாத்துப் போட்டாச்சு.

அதையும் விட்டு வைக்கிறாங்களா! ஆண்டு விழா வந்தா சமையக்காரர் மைதானத்தைச் சுத்திப் பாப்பார். உருண்டையா, மட்டமா, சிமெண்ட் போட்டு ஒரு இடம். "சாம்பார் அண்டாவுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கே!" மூணு கல்லை வச்சு, விறகை அடுக்கி, ரெண்டு நாள் எரிப்பார். சூட்டுல சிமெண்ட் பொரிஞ்சு செதில் செதிலா எந்திரிச்சு வரும். திங்கக்கிழமை காலையில பையன் வந்து சாம்பலைக் கூட்டித் தள்ளிட்டு, கால் வைக்க இடம் தேடிக்கிட்டு நிக்கான்.