கேட்க வந்தது ஒன்று, கையில் கிடைத்தது வைட்டமின் டி

மருத்துவமனைகளுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்த்துச் சொல்வது என் வேலை. அந்தப் பக்கம் டாக்டரும் நோயாளியும் ஓர் அறையில் இருப்பார்கள், நடுவில் மேசை மேல் நான் ஒரு குரலாக இருப்பேன். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதால், ஆள் அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் இங்கே மாற்றிவிட்டேன்.

ஒருவர் களைப்பு என்று வந்திருந்தார். நேரம் முடிகிற கட்டத்தில், நாற்காலி நகரும் சத்தத்தோடு சேர்த்துச் சொன்னார்: "வீட்லயும்... முன்ன மாதிரி இல்லைங்க."

இதை எப்படி மொழிபெயர்ப்பது? சொல்லுக்குச் சொல் போட்டால் குடும்பத்தில் ஏதோ சண்டை என்றுதான் டாக்டருக்குப் படும். அனுமதி கேட்டுக்கொண்டு, "எதைச் சொல்றீங்க?" என்று விசாரித்தேன். "அதான்... அந்த விஷயம்" என்றார். நான் விளக்கிச் சொன்னேன். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார் போல, டாக்டரின் குரல் சற்று விலகிக் கேட்டது. "உங்கள் வைட்டமின் டி 9 தான் இருக்கிறது. அதனால்தான் இந்தக் களைப்பு எல்லாம். மாத்திரை எழுதுகிறேன்." அவ்வளவுதான். அவர் தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது எங்கு பார்த்தாலும் ஒரு பேச்சு ஓடுகிறது: குடியேறியவர்களுக்கு வைட்டமின் டி குறைவு, அதனால் தாம்பத்தியத்திலும் குறைவு, மாத்திரை போட்டால் எல்லாம் சரியாகிவிடும். முதல் பாதி பெரும்பாலும் உண்மை. இரண்டாம் பாதியில்தான் எனக்குச் சண்டை.

முதல் பாதியைப் பார்ப்போம். தோலில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்புப் பொருள் மேல் புற ஊதா பி கதிர் படும்போதுதான் உடம்பு வைட்டமின் டி செய்கிறது. கருந்தோலில் மெலனின் என்ற நிறப்பொருள் அந்தக் கதிரை வழியிலேயே பிடித்துக்கொள்ளும், அதனால் அதே அளவு டி உண்டாகக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் இருக்காது. வடக்கே போகப் போகக் குளிர்காலச் சூரியனிலும் இருக்காது. அமெரிக்காவின் பாஸ்டனில் நவம்பர் முதல் பிப்ரவரி வரையும், கனடாவின் எட்மண்டனில் அக்டோபர் முதல் மார்ச் வரையும் தோலில் டி உருவாவதே இல்லை என்று 1988 இலேயே காட்டிவிட்டார்கள். இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற ஆளுக்குக் கோடையும் ஒன்றுதான், குளிர்காலமும் ஒன்றுதான். நார்வேயின் ஒஸ்லோவில் இலங்கை, பாகிஸ்தான், துருக்கி, ஈரான், வியட்நாம் என்று ஐந்து நாடுகளிலிருந்து குடியேறியவர்களைப் பரிசோதித்தபோது, கடுமையான குறைபாடு நிறையப் பேருக்கு இருந்தது. அதுவும் ஐந்து பிரிவிலும் ஒரே அளவாக இல்லை.

ஆனால் ரத்தத்தில் அளக்கும் அந்த எண் கடந்த சில வாரங்களின் கணக்குதான். பாதியாகக் குறைய இரண்டு மூன்று வாரம் போதும். அங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைத்தோல்காரருக்கும் குளிர்கால முடிவில் அது சரியும். எது குறைவு என்பதிலேயே வல்லுநர்களுக்கு ஒத்த கருத்து கிடையாது. அமெரிக்காவின் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்' 20 (ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் இத்தனை நானோகிராம் என்று கணக்கு) போதும் என்றது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் சங்கம் 2011 இல் 30 வேண்டும் என்றது. அதே சங்கம் 2024 இல் அந்த 30 ஐக் கைவிட்டதோடு, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமாக இந்தச் சோதனையே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. எந்தக் கோடு போடுகிறோமோ அதைப் பொறுத்துக் குடியேறியவர்களில் பாதிப்பேர் ஒரே நாளில் நோயாளி ஆகலாம், மறுநாள் குணமும் ஆகலாம்.

(9 என்பது எந்தக் கோட்டின்படியும் குறைவுதான். அவருக்கு மாத்திரை கொடுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை.)

சரி, உடலுறவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? விரைகளிலும் விந்தணுக்களிலும் வைட்டமின் டியைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. அதனால்தான் ஆசையோடு ஆராய்ந்தார்கள். 2011 இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஒரு வருடம் டி சாப்பிட்ட பருமனான ஆண்களுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் ஏறியது. விளம்பரங்கள் இன்றைக்கும் பிடித்துத் தொங்குவது அதைத்தான். அப்புறம் நடந்ததை யாரும் சொல்வதில்லை. அந்தக் குழுவில் இருந்த சிலரும் சேர்ந்து ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் நடத்திய ஆய்வு 2017 இல் வந்தது. ஆரோக்கியமான ஆண்களுக்கு டி கொடுத்தும் டெஸ்டோஸ்டிரோன் ஏறவில்லை. பிறகு டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் ஏறவில்லை.

விறைப்புக் கோளாறு உள்ளவர்களிடம் டி குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுவது உண்மைதான். ஆனால் உடல் பருமன் இருந்தாலும் ரத்தத்தில் டி குறையும், சர்க்கரை நோயாளிகளிடமும் குறைவாகத்தான் இருக்கும், மனச்சோர்வில் வீட்டை விட்டு வெளியே வராதவருக்கும் குறையும். இவை மூன்றுமே தனித்தனியாக விறைப்பையும் கெடுக்கும். குடை பிடிப்பவர்கள் நிறையப் பேர் தெரிகிறார்கள் என்பதற்காக, குடையால்தான் மழை பெய்தது என்று சொல்ல முடியாது.

ஓர் இடத்தில் மட்டும் நேரடித் தொடர்பு உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. டி மிகவும் குறைந்து எலும்பு மென்மையாகிவிட்டால் இடுப்பிலும் தொடையிலும் வலி வரும், தொடைத் தசை பலவீனமாகும், படியேறவும் தரையிலிருந்து எழவும் முடியாது. காலை அகற்றவே வலிக்கிற ஒரு பெண்ணுக்கு உடலுறவில் நாட்டம் எங்கிருந்து வரும்? அவளுக்கு மாத்திரை நிஜமாகவே வேலை செய்யும். ஆனால் அவள் வலியென்று சொல்வது பல தடவை 'மன அழுத்தம்' என்றே எழுதப்படுகிறது.

எனக்கு இன்னும் உறுத்துவது கேள்வித்தாள்கள். பெண்களின் பாலியல் நலத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் ஒரு படிவத்தில் 19 கேள்விகள், எல்லாமே கடந்த 4 வாரங்களைப் பற்றியவை. 'உறவில் ஈடுபடவில்லை' என்ற பதிலுக்கு 0 மதிப்பெண். மொத்தம் 26.55 க்குக் கீழே போனால் கோளாறு இருக்கலாம் என்று கணக்கு. அதை ஒரு அம்மாவிடம் வாசித்துக்காட்டினேன். ஐந்தாறு கேள்வி வரை பொறுமையாகப் பதில் சொன்னவர், பிறகு, "தங்கச்சி, அவருக்கு இன்னும் விசா வரல. நான் யாரோடம்மா?" என்று சிரித்துவிட்டார். சும்மா கூட்டினால் அவர் கோளாறு உள்ளவர். கடல் தாண்டிக் கணவன் இருக்கிற பெண்களை இப்படிக் கூட்டி வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே கணவன் தூங்குகிற உள்ளூர்ப் பெண்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் வராமல் என்ன செய்யும்? அந்த அம்மாவுக்கு டியும் குறைவாகத்தான் இருந்திருக்கும். இரண்டையும் ஒரே கோட்டில் இழுத்தால் அழகான வரைபடம் கிடைக்கும்.

இதுவாவது என்னைக் கூப்பிட்ட இடம். மொழிபெயர்ப்பாளர் இல்லாத இடத்தில் பள்ளிக்கூடம் போகிற மகன்தான் அம்மாவுக்கு மொழிபெயர்க்கிறான். ஒருமுறை பாதியில் என்னை இணைத்தார்கள். அதுவரை அந்தப் பையனே பேசியிருக்கிறான். உறவின்போது வலி உண்டா என்ற கேள்விக்குக் கோப்பில் ஏற்கெனவே 'இல்லை' என்று இருந்தது. அவன் அதைக் கேட்டானா, கேட்காமலே சொன்னானா, யாருக்குத் தெரியும்? திரும்பக் கேட்கச் சொல்லி டாக்டரிடம் நானே சொன்னேன். அது என் வேலை இல்லைதான். பையனை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டபோது பதில் வேறாக வந்தது.

இன்னொன்று, டி பற்றிய பேச்சைக் கேட்டு உச்ச டோஸ் போட்டுக்கொள்கிறவர்களுக்கு: கண்காணிப்பு இல்லாமல் நாளுக்கு 4,000 யூனிட்டுக்கு மேல் போகாதீர்கள். கால்சியம் ஏறினால் வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல் எல்லாம் வரும். வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுக்கப்பட்ட வயதான பெண்கள், கொடுக்கப்படாதவர்களைவிட அதிகமாக விழுந்து எலும்பை முறித்துக்கொண்டார்கள். 2010 இல் வந்த ஆய்வு அது.

முதலில் சொன்னவரிடம் வருகிறேன். எங்கள் வேலையில் அதே நோயாளி திரும்ப நமக்கே வருவது அபூர்வம். சில மாதம் கழித்து அவர் வந்தார், டாக்டர் மட்டும் வேறு. டி 31 ஆகியிருந்தது. "அந்த விஷயம்?" என்று டாக்டரே ஆரம்பித்தார். பழைய குறிப்பில் அது இருந்திருக்கிறது போல. அப்படியேதான் இருக்கிறது என்றார் அவர்.

"காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா?"

மொழிபெயர்த்தேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைக்கிற அளவுக்கு மௌனம்.

"இல்லைங்க. அதுவும் இல்லை. ஒரு வருஷம் ஆச்சு."

அதற்குப் பிறகு கேள்விகள் வேகமாக வந்தன. படியேறினால் நெஞ்சு அடைக்கிறதா? ராத்திரி எத்தனை தடவை சிறுநீர்? புகை உண்டா? அப்பாவுக்கு இதயநோய் இருந்ததா? ஆணுறுப்பின் ரத்தக்குழாய் இதயத்தின் குழாயைவிடக் குறுகல், அடைப்பு முதலில் அங்கே தெரியலாம் என்று டாக்டர் சொன்னதை அவருக்குச் சொல்லும்போது என் குரலே கொஞ்சம் தடுமாறியது. சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தார்கள்.

"அப்ப அந்த வைட்டமின் மாத்திரைய நிறுத்திடவா?" என்று கேட்டார்.

"வேண்டாம், எலும்புக்கு நல்லது" என்றார் டாக்டர். அதையும் மொழிபெயர்த்துவிட்டு இணைப்பைத் துண்டித்தேன்.