அயோவா சிட்டியின் பழைய கேப்பிட்டல்: ஒரு திருத்தம்

அமெரிக்காவின் அயோவா சிட்டியில் தங்கக் கும்மட்டத்தோடு நிற்கும் பழைய கேப்பிட்டலை (பழைய சட்டமன்றக் கட்டடம்) அயோவா பல்கலைக்கழகம் தனக்காகக் கட்டிய முதல் கட்டடம் என்றும், 1840-லிருந்து அப்படியே இருக்கிறது என்றும் உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லைங்க.

1840 ஜூலை 4 அன்று அடிக்கல் நாட்டியபோது அங்கே பல்கலைக்கழகமே கிடையாது. அயோவா ஒரு மாநிலமாகக்கூட ஆகவில்லை. அது அயோவா பிரதேசத்தின் சட்டமன்றத்துக்காக எழுந்த கட்டடம். வரைந்தவர் ஜான் ராக். இலினாய் ஸ்பிரிங்ஃபீல்டின் பழைய சட்டமன்றமும் அவர் கைவேலைதான். 1846 டிசம்பரில் அயோவா மாநிலமானது. இரண்டே மாதத்தில், 1847 பிப்ரவரி 25-இல், பல்கலைக்கழகத்தை உருவாக்கும் சட்டம் வந்தது. அதை நிறைவேற்றிய சட்டமன்றம் கூடியதே இந்தக் கட்டடத்தில்தான்! 1857-இல் தலைநகர் டி மொய்னுக்குப் போனது. அப்புறம்தான் கட்டடம் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது.

கும்மட்டமோ அதைவிடப் புதுசு. 2001 நவம்பர் 20 அன்று, சீரமைப்பு வேலையில் பழைய பெயின்டைச் சூடுகாட்டி உரிக்கும்போது தீப்பிடித்து, மரத்தாலான மேல்கோபுரம் கும்மட்டத்தோடு முழுக்க எரிந்துபோனது. சுண்ணாம்புக்கல் சுவர்கள் தப்பின. இன்று மின்னும் கும்மட்டம் அதற்குப் பிறகு புதிதாகச் செய்து ஏற்றியது. கட்டடத்துக்கு உள்ளே மக்கள் மறுபடி போக முடிந்ததே 2006-இல்தான். தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்.